பழைய படைத் தரச்சின்னங்களை இனங்காணுதல்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் பதினைந்தாண்டுகளுக்கு மேலாக எமது ஓய்வு நேரத்தைக் கவர்ந்துகொண்ட வேறொரு பொருள் உண்டு. பழைய படைவீரர் தோளிலும் கையிலும் அணிந்த தரச்சின்னங்களே அப்பொருள். ‘மாஸ்டருக்குப் பட்டாளத்துப் பித்தளையில் என்ன வேலை?’ என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு விடை கூறுதல் எமது நோக்கமன்று. இத்துறையில் யாம் செய்த பிழையொன்றினால் ஒரு குடும்பத்தின் நினைவு மலரிலே பொருந்தாத சொல்லொன்று அச்சேறிற்று. அது நேர்ந்தவாற்றைக் கூறுதலும், அத்தகைய பிழை பிறர்க்கு நேராவண்ணம் சின்னங்களைப் படிக்கும் முறையை விளக்குதலுமே ஈண்டு யாம் கருதியவை.

தரச்சின்னமாவது, படையிலே ஒருவன் எந்நிலையில் உள்ளான் என்பதைக் கண்டவுடன் பிறர் அறியுமாறு உடையிற் பொருத்தப்படும் அடையாளம். தொப்பிச் சின்னம் அவன் எப்படையைச் சேர்ந்தவன் என்பதைக் காட்டும்; தோட்பட்டையின் ஓரத்திலுள்ள பித்தளை எழுத்துகளும் அதனையே காட்டும்; தரச்சின்னமோ அவன் யாருக்குக் கட்டளையிடுவான், யாருடைய கட்டளைக்குப் பணிவான் என்பதைக் காட்டும். சேகரிக்கத் தொடங்குவோர் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளுதல் வழக்கம். யாமும் முதலாண்டில் அவ்வாறே குழம்பினோம்.

வகுப்பிலே பல பொருள் ஒரு சொல்லைக் கற்பிக்கும்பொழுது, சொல்லைத் தனியே வைத்துப் பொருள் கேட்டல் ஆகாது, அது நின்ற இடத்தோடு சேர்த்தே கேட்டல் வேண்டும் என்று மாணவர்க்குக் கூறுவோம். சின்னங்களுக்கும் இஃது ஒக்கும். மூன்று உடுக்களை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியப் படையிலே தோளில் மூன்று உடு அணிந்தவன் கப்டன். அமெரிக்கப் படையிலே மூன்று வெள்ளி உடு அணிந்தவர் லெப்டினன்ட் ஜெனரல்; பல்லாயிரம் வீரரை நடத்துபவர். 1945 ஆம் ஆண்டு வரை இருந்த யப்பானியப் பேரரசுப் படையிலோ, செந்நிறத் துணியில் வேறு கோடெதுவுமின்றி மூன்று மஞ்சள் உடுக்களை அணிந்தவன் சாதாரண வீரருள் மூத்தவன் மாத்திரமே. அதே உடுக்களோடு நெடுங்கோடுகள் சேர்ந்தாலன்றி அவன் உத்தியோகத்தனாகான். உடு ஒன்றே, எண்ணிக்கை ஒன்றே. ஆயினும் ஒருவன் பிறரது கட்டளைக்குக் காத்திருக்க, ஒருவர் ஒரு பெரும்படைக்கே கட்டளையிடுகின்றார்.

அமெரிக்கச் சின்னங்களிலே இன்னுமொரு விந்தை உண்டு. அங்கே பொன்னிறத்திலும் வெள்ளிநிறம் உயர்ந்தது. இரண்டாம் லெப்டினன்டுக்குப் பொற்பட்டி, முதலாம் லெப்டினன்டுக்கு வெள்ளிப்பட்டி. 1917 ஆம் ஆண்டு வரை இரண்டாம் லெப்டினன்டுக்குத் தனிப்பட்டியே இருந்ததில்லை. பின்னர்க் கொடுக்க நேர்ந்தபொழுது வெள்ளிப்பட்டியை மேலவர் முன்பே அணிந்திருந்தமையாற் பொற்பட்டி இவர்க்கு வாய்த்தது. இவற்றை விடுத்து, எம்நாட்டுப் பெட்டிகளிற் பெரும்பாலும் கிடைப்பவையாகிய பிரித்தானிய முறைச் சின்னங்களுக்கு வருவோம். 1881 இல் தொடங்கிய தொண்டர் படையும், 1910 இல் அமைந்த இலங்கைப் பாதுகாப்புப் படையும், 1949 ஆம் ஆண்டு ஒற்றோபர் 10 ஆம் நாள் தோன்றிய இலங்கைத் தரைப்படையும் அம்முறையையே பின்பற்றின.

அம்முறையில் ஆணை பெற்ற உத்தியோகத்தர்க்கு இரண்டே உறுப்புகள் அடிப்படை. ஒன்று உடு, மற்றையது முடி. ஓர் உடு இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கப்டன். முடி தனித்து நிற்பின் மேஜர். முடியோடு ஓர் உடுச் சேரின் லெப்டினன்ட் கேணல். இரண்டு சேரின் கேணல். மூன்று சேரின் பிரிகேடியர். அதற்கு மேல் ஜெனரல்மார்க்குக் குறுக்கிட்ட வாளும் கோலும் வரும். இவ்வளவையும் ஒரு மாணவன் பத்து நிமிடத்தில் மனனஞ் செய்துவிடுவான். செய்தபின் தான் எல்லாம் அறிந்தவனென்று எண்ணுவான். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகின்றது.

முதலாவது இடர்ப்பாடு காலம். மேற்கூறிய உடுக்கணக்கு 1902 ஆம் ஆண்டுக்குப் பின்னரே பொருந்தும். 1880 முதல் 1902 வரை இரண்டாம் லெப்டினன்டுக்கு உடுவே இல்லை, லெப்டினன்டுக்கு ஒன்று, கப்டனுக்கு இரண்டு. 1900 ஆம் ஆண்டிலே போவர் யுத்தத்துக்காக இலங்கையிலிருந்து குதிரைக் காலாட்படையினர் தென்னாபிரிக்கா சென்றனர். அக்காலத்து நிழற்படத்தில் இரண்டு உடுவோடு ஒருவர் நிற்பாராயின், அவரை லெப்டினன்ட் என்று எழுதுவோர் ஒரு படி இறக்கி எழுதியோராவர். பிரிகேடியர்க்குரிய முடியும் மூவுடுவும் 1928 இலே வந்தவை.

உடுவையும் பூதக்கண்ணாடி கொண்டு நோக்குதல் வேண்டும். அது வானத்து மீனன்று. 1725 ஆம் ஆண்டிலே முதலாம் ஜோர்ஜ் மன்னர் நிறுவிய பாத் விருதுக் குழாத்தின் உடு. நடுவே மூன்று சிறு முடிகளும், அவற்றைச் சூழ ‘மூன்றும் ஒன்றாயின’ என்னும் பொருள்பட்ட இலத்தீன் வாசகமும் காணப்படும். ஆனால் மன்னரின் காவற்படைகளிற் சில வேறு விருதுக் குழாங்களின் உடுவை அணிவன. ஸ்கொட்ஸ் காவற்படையார்க்குத் திசில் விருதினதும், ஐரிஷ் காவற்படையார்க்குப் புனித பாட்ரிக் விருதினதும் உடுக்கள் உரியன. இந்திய நாடு 1950 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள் குடியரசானபொழுது, அதன் படையினர் முடியை நீக்கி அசோகரின் சிங்கத் தலையையும், பாத் உடுவை நீக்கி ஐம்முனை உடுவையும் ஏற்றனர். ஆகவே உடு எத்தனை என்று எண்ணுமுன் உடு எத்தகையது என்று பார்த்தல் நன்று. எண்ணுதல் எளிதாகலின் எல்லோரும் அதனையே முதலிற் செய்கின்றனர்.

இனி முடி. சேகரிப்போர்க்கு முடியைப் போல உதவும் உறுப்பு வேறில்லை. அது காலங் காட்டும் கருவி. விக்டோரியா மகாராணியார் காலத்துச் சின்னங்களில் முடியின் வளைவுகள் மேலெழுந்து நடுவிலே தாழ்ந்து கிடக்கும். 1901 இல் ஏழாம் எட்வேட் மன்னர் அரசேறியபின், வளைவுகள் தாழாது திரண்டு குமிழ்போல் உயர்ந்த ரியூடர் முடி வழக்கிற்கு வந்தது. சேகரிப்போர் இதனை ‘அரசர் முடி’ என்பர். நான்கு மன்னர் காலத்தும் இதுவே நின்றது. 1952 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் நாள் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலமாக, இரண்டாம் எலிசபெத்து அரசியார் புனித எட்வேட்டின் முடியைத் தேர்ந்தார். அதன் வளைவுகள் இரு புறமும் தோள்போல் உயர்ந்து நடுவிற் பள்ளமாகும். இதுவே ‘அரசியார் முடி’. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த சிறுவன் பின்னொருகாலும் மாறாடான். ஒன்று கவிழ்த்த கிண்ணம். மற்றையது நடுவில் அமுங்கிய தலையணை.

ஆயினும் அரசியார் முடிசூடிய மறுநாளே களஞ்சியங்களிலிருந்த அரசர் முடியெல்லாம் மறைந்துபோகவில்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கைவசமிருந்தவை தீருமளவும் சில ஆண்டுகள் பழையனவும் புதியனவும் கலந்தே அணியப்பட்டன. அரசர் முடி கண்டவுடன் ‘1952 இற்கு முன்’ என்று திட்டமாக எழுதுதல் தவறு. ‘அரசர் முடி வழக்கிலிருந்த காலத்தில் அடிக்கப்பட்டது’ என்று எழுதுதலே முறை. 2022 ஆம் ஆண்டிலே மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் மீண்டும் ரியூடர் முடியைத் தெரிந்துகொண்டமையால் இன்னொரு சிக்கலும் புகுந்துவிட்டது. இன்று புதிதாக அடிக்கப்படும் பிரித்தானியச் சின்னங்கள் திரண்ட முடியையே தாங்கி வருகின்றன. ஐம்பதாண்டு கழித்து ஒருவர் அவற்றுள் ஒன்றை எடுத்து, முடியை மாத்திரம் பார்த்து, ‘முதலாம் உலகப் போர்க்காலத்தது’ என்று கூறமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? இலங்கையில் இச்சிக்கல் இல்லை. 1972 ஆம் ஆண்டு மே 22 ஆம் நாள் நாடு குடியரசானபின் முடியிருந்த இடத்தை அரச இலச்சினை பெற்றது.

இரண்டாவது இடர்ப்பாடு இடம்; அதாவது சின்னம் உடம்பில் எங்கே இருந்தது என்பது. காலத்திலும் இதுவே எம்மை மிகுதியாக அலைத்தது. மேற்கையிலே கூர் கீழ்நோக்கிய கோணப்பட்டிகள் தரத்தைக் குறிக்கும். 1802 முதல் பிரித்தானியப் படையில் இவ்வழக்கு உண்டு. ஒன்று லான்ஸ் கோப்ரல், இரண்டு கோப்ரல், மூன்று சார்ஜன்ட். இந்தியப் படையில் இவரே முறையே லான்ஸ் நாயக், நாயக், அவில்தார் எனப்படுவர். அதே கோணப்பட்டி கூர் மேல்நோக்கி இடது முன்கையில் இருப்பின் அது தரமன்று. நன்னடத்தைக்கு அளித்த பட்டி. முதலாம் உலகப் போரின் இறுதியிலே, 1918 இல், வலது முன்கைக்குச் சிறுசிறு கோணப்பட்டிகள் வழங்கப்பட்டன. 1914 ஆம் ஆண்டு முடியுமுன் கடல்கடந்து போர்ப்பணிக்குச் சென்றவர்க்குச் செந்நிறத்தில் ஒன்றும், அதன்பின் ஒவ்வோராண்டுப் பணிக்கும் நீலநிறத்தில் ஒவ்வொன்றுமாக. ஒரு செம்பட்டியும் மூன்று நீலப்பட்டியும் உடையவன் நான்கு பட்டிச் சார்ஜன்ட் அல்லன். தொடக்கத்திலேயே போரிற் புகுந்து ஆண்டுகள் பல கண்டவன். இடது முன்கையிலே நெட்டாக நிற்கும் சிறு பொன்னிழை அவன் காயமுற்றான் என்பதைச் சொல்லும். இவையெல்லாம் துணியினின்று கழற்றப்பட்டு ஒரே தகரப்பேழையிற் கிடக்கும்பொழுது, எது எங்கே இருந்தது என்று யார் சொல்வார்?

உத்தியோகத்தரும் எப்பொழுதும் தோளில் மாத்திரம் அணிந்தாரல்லர். 1902 முதல் 1920 வரை போர்க்களச் சட்டையில் அவர்தம் உடுக்கள் கைவிளிம்பில் இருந்தன. தரம் உயர உயர விளிம்பைச் சுற்றிய பின்னற்கோடுகளும் மிகும். முதலாம் உலகப் போரிலே இஃது உயிருக்கு இறுதியாயிற்று. பகைவரின் குறிபார்த்துச் சுடுவோர் கையைப் பார்த்தே உத்தியோகத்தரைத் தெரிந்து வீழ்த்தினர். ஆதலாற் பலர் உடுக்களைத் தோளுக்கு மாற்றிக்கொண்டனர். அச்சத்தினால் மாற்றினரென்று சக வீரர் எள்ளினராம். எள்ளியவரும் சில திங்களில் மாற்றிக்கொண்டிருப்பர் என்பது எமது எண்ணம்.

பொருள், செய்முறை என்பனவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். அச்சில் அடித்த சின்னத்தின் முன்பக்கத்து மேடு பின்பக்கத்திற் பள்ளமாகத் தெளிந்து தெரியும்; வார்ப்பிற் செய்த போலியின் பின்புறம் மணல்போற் பொருபொருத்து, ஓரங்கள் மழுங்கியிருக்கும். நெடுங்காலம் அணிந்து துடைத்த சின்னத்தில் மேடுகளே தேயும், பள்ளங்கள் தேயா. எங்கும் ஒரேயளவாகத் தேய்ந்திருப்பின் ஐயுறுக. உத்தியோகத்தரின் போர்க்களச் சட்டைக்குரியவை பழுப்பு வெண்கல நிறத்தன. துப்பாக்கிப் படைப்பிரிவினர்க்குக் கருநிறம். இரண்டாம் உலகப் போரிலே தடித்த கம்பளிச் சட்டை வந்தபின் நூலால் இழைத்த உடுக்கள் மிகுந்தன. அவற்றின் அடித்துணி காலாட்படைக்குச் சிவப்பு, மருத்துவப் படைக்கு மங்கிய செம்மை, துப்பாக்கிப் படைப்பிரிவுக்குப் பச்சை. பொன்போல் மின்னிக் கையில் எடையற்றிருப்பது பெரும்பாலும் 1950 களிலும் அதன் பின்னரும் வந்த அலுமினியம். உடன் கிடைக்கும் எழுத்துகளும் துணைசெய்யும். ‘ஏ.எஸ்.சி.’ என்ற தோளெழுத்து 1918 இற்கு முற்பட்டது. அவ்வழங்கற் படைக்கு ‘றோயல்’ என்னும் அடைமொழி அவ்வாண்டிலே கிடைத்தமையால், ‘ஆர்.ஏ.எஸ்.சி.’ என்றிருப்பின் அதற்குப் பிற்பட்டது; 1965 இல் அப்பெயரும் நீங்கிற்று.

இனி எமது பிழையைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் தமிழ் கற்ற மாணவனொருவன், வீட்டிலிருந்த தகரப்பெட்டியொன்றை மிதிவண்டியிற் கட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய பூட்டனார் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படையிற் சேர்ந்து, 1949 இல் இலங்கைத் தரைப்படை உருவானபின்னும் சிலகாலம் பணியாற்றியவர். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே அக்குடும்பத்தார் வீட்டிற் பலவற்றைக் கைவிட்டும் அப்பெட்டியை மாத்திரம் விடாது கொண்டுசென்று மீண்டவர். உள்ளே ஒரு பித்தளை முடி, சில பொத்தான்கள், ஓர் இடுப்புப்பட்டிக் கொளுவி, அறுந்த தோற்பட்டித் துண்டொன்று, கறையான் அரித்த கடிதங்கள் என்பன இருந்தன. எம்மிடம் கொண்டுவருமுன் வீட்டார் முடியைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்கியிருந்தனர். கோயிற் குத்துவிளக்குப் போல் ஒளிர்ந்தது. பழைய பித்தளையில் நிறைந்திருந்த செய்திகளிற் பாதி அந்தப் புளியோடு போயிற்று.

முடி திரண்ட வளைவினது. ஆகவே அரசர் முடி. பின்புறம் இரண்டு கம்பி வளையங்கள். உடு எதுவும் பெட்டியில் இல்லை. ‘முடி தனித்து நிற்பின் மேஜர்’ என்ற வாய்பாடு எம் நாவில் நின்றது. மாணவன் முகத்திலே ஆவல் ததும்பிற்று. ‘உன் பூட்டனார் மேஜராக இருந்தவர்’ என்று கூறிவிட்டோம். தோற்பட்டித் துண்டைக் கைக்கடிகாரத்தின் பட்டியென்று ஒதுக்கினோம். காலத்தைச் சரியாகக் கண்ட பெருமிதம் தரத்தை ஆராயும் பொறுமையைக் கெடுத்தது. மறு ஆண்டு அக்குடும்பத்தில் ஒரு முதியவர், படைவீரரின் மூத்த மகன், காலமானார். அந்தியேட்டியன்று வழங்கிய நினைவு மலரிலே அவரை ‘மேஜர்’ இன்னாரின் புதல்வர் என்று அச்சிட்டிருந்தனர். எமக்கும் ஒரு பிரதி கிடைத்தது. மகிழ்ச்சியோடு வாசித்தோம்.

ஈராண்டு கழிந்தபின், வெப்பநாட்டுப் படையினரின் உடைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபொழுது ஒரு படம் எம்மைத் திடுக்கிடச் செய்தது. சட்டைக் கையை மடித்து அணியும் வெப்பநாடுகளில், முன்கையில் அணிய வேண்டிய சின்னத்தைத் தைக்க இடமில்லை. ஆகவே வாரன்ட் உத்தியோகத்தர் தம் சின்னத்தைப் பித்தளையிற் செய்து, மணிக்கட்டிலே தோற்பட்டியிற் பொருத்தி அணிந்தனர். வாரன்ட் உத்தியோகத்தருள் இரண்டாம் வகுப்பினரின் சின்னம் முடி. தோளிலே முடி மேஜர். முன்கையிலே முடி கொம்பனி சார்ஜன்ட் மேஜர். ஒருவர் ஆணை பெற்று உத்தியோகத்தராக நுழைந்தவர். மற்றவர் சாதாரண வீரனாக நுழைந்து, படிப்படியாக ஏறி, அவ்வுத்தியோகத்தருக்கு வலக்கையாக நின்றவர்.

அன்று மாலையே மாணவன் வீட்டுக்குச் சென்றோம். பெட்டியைத் திறந்து தோற்பட்டித் துண்டை எடுத்துப் பார்த்தோம். அதன் நடுவில் இரண்டு துளைகள் இருந்தன. அடிமட்டத்தால் அளந்தோம். முடியின் பின்னுள்ள வளையங்களின் இடைவெளியும் துளைகளின் இடைவெளியும் ஒன்றே. வளையங்களைத் துளையிற் செலுத்தினோம், அமர்ந்துகொண்டது. துளைகளைச் சுற்றித் தோலிலே முடியின் அடிவிளிம்பு அழுத்திய தழும்பும் தெரிந்தது. அதன்பின்னரே எமது சேகரிப்பிலிருந்த மேஜர் முடியொன்றை அருகே வைத்து ஒப்பிட்டோம். தோளுக்குரியது ஏறத்தாழ ஓரங்குலம். இதுவோ அதனிலும் கண்ணுக்குத் தெரியுமளவு பெரிது. முதல் நாளே ஒப்பிட்டிருப்பின் இவ்வளவு நேர்ந்திராது.

காலமும் பின்னர் நன்கு தெளிந்தது. 1938 இல் வாரன்ட் உத்தியோகத்தரில் மூன்றாம் வகுப்பு ஒன்று புதிதாக உண்டாக்கப்பட்டு, தனிமுடி அவர்க்கு அளிக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பினர் இலைமாலை சூழ்ந்த முடியை அணிந்தனர். 1947 இல் இரண்டாம் வகுப்புச் சார்ஜன்ட் மேஜர்க்குத் தனிமுடி மீண்டது. மாலையின்றி அரசர் முடி அணிந்த ஓர் இரண்டாம் வகுப்பினர், 1947 இற்குப் பின்னும் அரசியார் முடி பரவுமுன்னும் இருந்திருத்தல் வேண்டும். எனவே இலங்கைத் தரைப்படையின் முதற் சில ஆண்டுகளே எஞ்சின. அவர் பணியாற்றிய காலத்தோடு இது முற்றும் பொருந்திற்று.

அருகிலே மாணவனின் பாட்டியார், படைவீரரின் மகள், பிரம்பு நாற்காலியில் அமர்ந்து எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல எமக்கு நாவெழவில்லை. ஒருவாறு கூறி முடித்தோம். அவர் சிரித்தார்.

‘அப்பு ஒருநாளும் தன்னை மேஜர் எண்டு சொன்னதில்லை, மாஸ்டர். சாஜன் மேஜர் எண்டுதான் சொல்லுவார். தியத்தலாவையிலையிருந்து லீவிலை வரேக்கை பேரிக்காய் கொண்டுவருவார்; கையிலை அந்தப் பட்டி கட்டியிருப்பார். நீங்கள் படிச்சனீங்கள் சொன்னபடியால் நாங்கள் பேசாமல் இருந்திட்டம்.’

முதல் நாளே பாட்டியாரைக் கேட்டிருந்தால், பூதக்கண்ணாடியும் அடிமட்டமும் வேண்டியிரா. பித்தளையைக் கேட்டோம், பிறந்த மகளைக் கேட்கவில்லை. ஊரார் அவரை ‘மேஜர்’ என்று சுருக்கி அழைத்ததும் உண்டாம். எமது கூற்று அச்சுருக்கத்துக்கு ஒரு சான்றிதழ்போல் ஆகிவிட்டது. வீட்டின் இளையோர்க்கு மேஜர் என்னும் பெயரில் விருப்பம் மிகுதி. மாணவனின் தந்தையார், ‘இனி அதை ஏன் மாத்துவான்?’ என்று மெல்லக் கேட்டார். பாட்டியார் விடவில்லை. ‘அப்பு கஷ்டப்பட்டு எடுத்தது இது’ என்று அம்முடியைக் காட்டினார்.

சின்னங்களைத் தேடும் மாணவர்க்குச் சில செய்முறைகளையும் இவ்விடத்திற் கூறுதல் தகும். துணியில் தைத்திருப்பதைப் பிரிக்கவேண்டாம். பித்தளையை விளக்கவேண்டாம், உலர்ந்த பருத்தித் துணியால் தூசி போக்கினாற் போதும். எமது கரையோரத்து உப்புக்காற்றுப் பித்தளையிற் பச்சைக்களிம்பை விரைவில் உண்டாக்கும். ஆகலின் ஈரமற்ற பேழையில் ஒன்றோடொன்று உராயாவண்ணம் தாளிற் சுற்றி வைக்க. மலிவான பிளாத்திக்கு உறைகள் நாளடைவிற் பிசுபிசுத்து உலோகத்தையே கெடுப்பன. கம்பளிச் சின்னங்களுக்கு அந்துப்பூச்சி பகை. ஒரே பெட்டியிற் கிடந்தவற்றை, பயனற்றவையெனத் தோன்றினும், பிரித்து வைத்தல் கூடாது. யாரிடமிருந்து, எவ்வூரில், எந்நாளில், எவற்றோடு கிடைத்தது என்பதை அன்றன்றே கொப்பியில் எழுதுக. விலையை எழுத மறந்தாலும் இதனை மறத்தல் ஆகாது. இன்று வழக்கிலிருக்கும் படைகளின் சின்னங்களைத் தேடி அலைதல் வேண்டா. அவை அணிவார்க்கே உரியன, அவற்றாற் சேகரிப்போர்க்கு வீண் தொல்லையும் நேரும்.

நினைவு மலர் அச்சேறி வழங்கப்பட்டுவிட்டமையால் முழுவதையும் மாற்ற இயலவில்லை. எம் செலவிலே திருத்தச் சீட்டுகள் அச்சிடுவித்து, அவ்வீட்டில் எஞ்சியிருந்த பதினேழு பிரதிகளிலும் மாணவனும் யாமும் ஒரு சனிக்கிழமை முற்பகல் இருந்து ஒட்டினோம். வெளியூர் சென்ற பிரதிகளுக்கு உறவினர் முகவரி பெற்று அஞ்சலில் அனுப்பினோம்; சிலர் ஒட்டியிருப்பர், சிலர் ஒட்டாதிருப்பர். முடி இப்பொழுது தோற்பட்டியிற் பொருந்தியபடியே பெட்டியுள் இருக்கின்றது. உடன் வைத்த தாளில் மாணவன் தன் கையால் எழுதியது: ‘கொம்பனி சார்ஜன்ட் மேஜர். மணிக்கட்டில் அணிந்தது. பாட்டி சொன்னவர். புளி போடவேண்டாம்.’